கிளினிக் இலவசம், அன்றைய கூலி?

இலங்கையில் பெண்களின் உடல்நலம் பார்க்கும் அரசாங்கச் சுகவனிதையர் கிளினிக்கில் ஒரு சதமும் வாங்குவதில்லை. 1996 முதல் நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களைக் கூப்பிட்டு பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்த்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பாப் சோதனையும் செய்கிறார்கள்.

வராதவர்களை "விளங்காத சனம்" என்று சொல்வது அநியாயம். வெள்ளாமை வெட்டுக்குப் போகிறவளுக்குக் காலை நேரம்தான் கூலி. மட்டக்களப்பு மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடிக்கிறவளுக்குப் போக்குவரத்துக் காசும் சேர்த்து நட்டம். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் முதல் கேள்வி "பாக்கிறது பொம்பிளை டொக்டரா?" என்பதுதான். நியாயமான கேள்வி. குடும்பநல மாதுவிடம் (மிட்வைப்) முன்கூட்டியே கேட்டால் சொல்லுவா. அம்பாறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் தமிழ்ப் பெண்ணுக்கோ சிங்களம் பெரிய மதில். துணைக்கு ஒருவர் வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கிளினிக் என்றால் பிள்ளைத்தாச்சிக்கு என்றே ஊரில் நினைப்பு. கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் மிட்வைப் வீட்டுக்கு வருவது குறைந்துவிடும். விதவைப் பெண் கிளினிக் வாசலில் நின்றால் அயலுக்குக் கதை. ஆனால் பிள்ளை பெற்றவள், கணவனை இழந்தவள் என்று கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆள் பார்ப்பதில்லை.

போகிற நாளைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். மாதவிடாய் தொடங்கிய நாளை ஒன்றாக எண்ணி, 10க்கும் 20க்கும் இடைப்பட்ட நாள் நல்லது. முந்திய இரண்டு நாளும் உடலுறவு, உள்ளே கழுவுதல், உள்ளே வைக்கும் மருந்து மூன்றும் வேண்டாம். இரத்தமோ மருந்தோ கலந்தால் கலங்கள் தெளிவாகத் தெரியாது. "மாதிரி போதாது" என்று திரும்பி வரும். இன்னொரு நாள் கூலியை விட்டு எத்தனை பேர் மறுபடி வருவார்கள்?

சோதனை சில நிமிடம்தான். மறைப்புக்குப் பின்னால் முழங்காலை மடித்துப் படுக்க, கருவியால் விரித்து, சிறு தூரிகையாலோ மரக்கரண்டியாலோ கருப்பைக் கழுத்தில் தடவி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசுவார்கள். உடம்பை இறுக்கினால் நோகும். வாயால் மூச்சை மெதுவாக விடுங்கள்.

முடிவு வரச் சில வாரம் செல்லும். கட்டாரில் இருக்கிற கணவரின் நம்பரை மட்டும் கொடுத்தால் செய்தி உங்களிடம் வந்து சேராது. உங்கள் நம்பரோடு சகோதரியின் நம்பரையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மாற்றம் இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரியாஸ்பத்திரியில் பெருக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

உறவுக்குப் பிறகு இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் ஒரு துளி கண்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போய் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.