பேரன் தானே பெல்ட் போடப் பழகிய கதை

என் மகளின் மூத்த பையனுக்கு ஐந்தரை வயது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சீனியர் கிண்டர்கார்டன் போகிறான். மகள் விடியவே வேலைக்குப் போய்விடுவதால் அவனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் பின்னேரம் கூட்டிவருவதும் என் பொறுப்பு. காரில் அவன் இருந்த, ஐந்து பட்டி வைத்த பழைய பிள்ளை இருக்கையில் அவன் தோள், பட்டி வரும் மேல் துளையைத் தாண்டிவிட்டது, எடையும் 18 கிலோவுக்கு மேல். அதனால் கார் சீட்டின் மேல் வைத்து இருத்தும், முதுகு உயர்ந்த ஒரு பூஸ்டர் இருக்கை வாங்கினோம்.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 8 வயது, 36 கிலோ எடை, 145 சென்றிமீற்றர் உயரம், இவற்றில் ஒன்று வரும்வரை பூஸ்டர் கட்டாயம். எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய விஷயம், பெல்ட் எங்கே விழுகிறது என்பது. சின்னப் பிள்ளையை வெறும் சீட்டில் இருத்தினால் இடுப்புப் பட்டி வயிற்றில் ஏறிவிடும். கார் மோதினால் இடுப்பெலும்பு தாங்க வேண்டிய வேகத்தைக் குடலும் ஈரலும் தாங்க வேண்டிவரும். பிள்ளையைத் தூக்கி வைத்து, பட்டியைத் தொடைக்கு மேலும் தோளின் நடுவிலும் விழவைப்பதுதான் பூஸ்டரின் வேலை.

பெல்ட்டை அவனே போடப் பழக வேண்டும் என்று நான் நின்றதற்கு இரண்டு காரணம். ஒன்று, பள்ளிக்கூட வாசலில் இருக்கும் 'கிஸ் அண்ட் ரைட்' வரிசை. அங்கே காரை விட்டு இறங்காமல் பிள்ளைகளை இறக்கி ஏற்றிக்கொண்டு நகர வேண்டும். மற்றது என் விரல்கள். மூட்டுவாதம் உள்ள விரலால், குளிர் நாளில் பூஸ்டருக்கும் சீட்டுக்கும் நடுவே, பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிளைத் தேடித் தோண்டுவது லேசான வேலை இல்லை.

பிள்ளைக்குப் பழக்குவதற்கு முன் காரைச் சரிப்படுத்த வேண்டும். எங்களுடைய பூஸ்டரில், கார் சீட்டின் இடுக்கில் இருக்கும் கீழ்க் கொளுவிகளில் பூட்டும் வசதி இருக்கிறது. பூட்டினால் பூஸ்டர் அசையாது. அசையும் பூஸ்டரில் ஏறி இருந்து பக்கிளைத் தேடுவது பெரியவருக்கே சிரமம். அடுத்தது பக்கிள். சில கார்களில் அது விறைப்பான தண்டில் நிமிர்ந்து நிற்கும், சிலவற்றில் துணிப்பட்டியில் தொங்கிச் சரிந்து போகும். எங்கள் காரில் வலப்பக்கப் பக்கிள் நிமிர்ந்து நிற்பதால் பூஸ்டரை அங்கே வைத்தேன். நடைபாதைப் பக்கமும் அதுதான். பக்கிளை நீளமாக்கும் துண்டு ஒன்று விற்கிறார்கள். பூஸ்டரின் கையேடு கூடாது என்று சொல்வதால் அதை நான் தொடவில்லை.

அப்புறம் பழக்கம். கடைசிப் படியில் இருந்து தொடங்கினேன். பட்டியை நான் இழுத்து, உலோக நாக்கைப் பக்கிளின் வாயில் பாதி செருகிக் கொடுப்பேன். அவன் அமத்த வேண்டும், அவ்வளவுதான். 'கிளிக்' என்ற சத்தம் அவன் கையால் வந்தது. அது நன்றாக வந்த பிறகு, செருகும் வேலையையும் விட்டுக் கொடுத்தேன். அதன் பிறகுதான் இழுப்பது. முதலில் இருந்து தொடங்கியிருந்தால், முடிக்கிற வேலை எப்போதும் என் கையில் விழுந்திருக்கும், அவன் பாதியில் அலுத்திருப்பான். இதை எல்லாம் சனிக்கிழமைகளில், வீட்டு முற்றத்தில், எஞ்சின் ஓடாத காரில் செய்தோம். காலை அவசரத்தில் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றையும் பழக்க முடியாது.

இழுப்பதுதான் கஷ்டம். பிள்ளைகள் வெடுக்கென்று இழுப்பார்கள், பெல்ட் நின்றுவிடும்.

"அம்மம்மா, இது வருதில்லை!"

"விடு ராசா. உள்ள போகட்டும். இப்ப மெல்ல இழு."

பெல்ட் சுருள் இருக்கும் பெட்டிக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. திடீரென்று இழுத்தாலோ, கார் சடாரென்று பிரேக் போட்டாலோ அது பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு, வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி இழுத்துப் பார்க்க விட்டேன். பட்டி நின்ற ஒவ்வொரு முறையும் "பிடிச்சிட்டுது!" என்று கத்தினான். பெல்ட் தன்னோடு மல்லுக்கட்டுகிறது என்று அழுத பிள்ளைக்கு, அது தன்னைப் பிடிக்கத்தான் அப்படிச் செய்கிறது என்று விளங்கியது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒன்று மட்டும் கவனம். பல கார்களில் பட்டியை முழுதாக வெளியே இழுத்துவிட்டால் வேறொரு பூட்டு விழும். பிறகு உள்ளே போகுமே தவிர வெளியே வராது, இறுகிக்கொண்டே போகும். கழற்றி முழுவதும் உள்ளே விட்டால் சரியாகிவிடும்.

கைகளுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். வலப்பக்கம் இருப்பவனுக்குப் பட்டி வலத் தோளில் இருந்து வரும். இடக்கையால் எட்டி நாக்கைப் பிடித்துக் குறுக்கே இழுக்க வேண்டும். இடுப்புக்கு வந்ததும் வலக்கைக்கு மாற்றி, இடக்கையால் பக்கிளைப் பிடித்துக்கொண்டு செருக வேண்டும். இந்தக் கை மாற்றத்தில்தான் பட்டி நழுவி ஓடும். எங்கள் பூஸ்டரில் இடுப்புப் பட்டி இரண்டு கைப்பிடிகளுக்கும் கீழாகப் போக வேண்டும், பக்கிள் பக்கம் தோள் பட்டியும் சேர்ந்து கீழாக. அவன் இன்னும் சில நாள் இதை மறக்கிறான். போடுவது அவன் வேலை, பார்ப்பது என் வேலை. பட்டி முறுகியிருக்கிறதா, தொடையில் கிடக்கிறதா, கக்கத்துக்குள் போய்விட்டதா என்று பார்க்காமல் நான் கியரைத் தொடுவதில்லை. பின்னால் நிற்கும் கார் ஹோர்ன் அடித்தாலும் பரவாயில்லை. மகள் கூட்டிப்போகும் நாட்களில் "அம்மா, பிந்துது, நானே கொழுவி விடுறன்" என்பாள். அவனையே போட விடச் சொல்லுவேன்.

கழற்றப் பழக்கியதும் சேர்த்துத்தான். சிவப்புப் பொத்தானை இரண்டு பெருவிரலாலும் அமத்தினால் போதும். ஆனால் கார் நின்று, நான் "சரி" என்று சொன்ன பிறகுதான்.

பனிக்காலத்தில் தடித்த ஜாக்கெட்டோடு பெல்ட் போட விடுவதில்லை. மோதும்போது பஞ்சு அமுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பட்டி தொளதொளத்துவிடும். கழற்றிவிட்டுப் பெல்ட் போட்டு, ஜாக்கெட்டை மேலே போர்த்திக்கொள்வான். கையுறையும் முதலே கழற்ற வேண்டும், அதோடு நாக்கைப் பிடிக்க முடியாது. அவன் இறங்கிய பிறகும் வெறும் பூஸ்டரைப் பெல்ட்டால் பூட்டி வைக்கிறேன். கொளுவி இல்லாத பூஸ்டர் என்றால் இது இன்னும் முக்கியம், மோதினால் அது பறந்து வந்து அடிக்கும்.

அடுத்த மாதம் பெரியம்மாவின் வான் வண்டியில் ஒட்டாவா போகிறோம். அந்த வண்டியின் பக்கிள் துணிப்பட்டியில் சரிந்து கிடக்கும் வகை. முதல் நாளே போய், நிறுத்தி வைத்த வண்டியில் அவனை இருத்திப் பார்க்கப் போகிறேன். ஒரு கையால் பிடித்து நிமிர்த்த அவனுக்கு வராவிட்டால், அந்தப் பயணத்தில் செருகுவது நான், அமத்துவது அவன்.