பத்தாம்பளையா, வற்றாப்பளையா?

வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்கள் மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், முதலில் ஒட்டுசுட்டான். குரக்கன் வெட்டிய தாளுக்கு ஒட்டு என்று பெயர். அதைச் சுட்டபோது ஒரு பற்றை மட்டும் வேகாமல் நின்றதாம். அதனடியில் வெளிப்பட்டவர்தான் தான்தோன்றீஸ்வரர். வேகாவனம் என்ற பெயரும் அதனால் வந்ததே. இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

இந்தப் பகுதிக்கு வழங்கும் வன்னி என்ற பெயருக்கும் நெருப்பு என்று பொருள் சொல்வோர் உண்டு. வனம் என்பார்கள், வன்மை என்பார்கள், வன்னியர் ஆண்ட நிலம் என்பார்கள். வன்னிமரத்தையும் இழுப்பார்கள். ஆனால் வழிநெடுகக் கண்ணில் படுவது பாலையும் வீரையும் முதிரையும்தான்.

முள்ளியவளையிலிருந்து உள்ளே போனால் நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து ஒவ்வோர் இடமாகத் தங்கினாள். பத்தாவதாகத் தங்கிய பளை, அதாவது இருப்பிடம், பத்தாம்பளை, அதுவே மருவி வற்றாப்பளை ஆயிற்று என்பது கோயில் மரபு. நீர் வற்றாத பளை என்று பிரிப்பவர்களும் உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் நந்திக்கடல் ஆழமில்லாத கடல்நீரேரி; கடுங்கோடையில் நீர் உள்வாங்கிக் கரைச்சேறு வெடித்துக் கிடக்கும். பத்தாம்பளைக் கதைதான் ஊரோடு ஒட்டுகிறது.

கண்ணகி இங்கு வந்த கதை இது: மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்தாள். பொங்கிப் படைக்க விளக்கு வேண்டும், எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றித் திரியைக் கொளுத்தச் சொன்னாள், எரிந்தது. பொங்கிய புக்கையைத் தின்றபின் தலை கடிக்கிறது, பேன் பார் என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலையெல்லாம் கண்! வைகாசித் திங்களில் மறுபடி வருவேன் என்று சொல்லி மறைந்தாள்.

அந்தத் திங்கள் மாதமா, கிழமையா? கோயில் இரண்டாகவும் எடுத்துக்கொண்டது. வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமைதான் பொங்கல். கலண்டரில் விசாகம் என்று போட்டிருக்கும் நாளைப் பார்த்து வருபவர்கள் ஏமாறுவது இதனால்தான். கோயில் அறிவிக்கும் திகதியைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். முந்திய திங்கட்கிழமை சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கேற்றுவார்கள். ஒரு வாரம் அது அங்கே எரியும். ஞாயிறு அங்கு பொங்கல் முடிந்து, படையலுக்கான மடைப்பண்டம் வற்றாப்பளைக்கு வரும். விளக்கைப் பார்க்க விரும்பினால் அந்த வாரத்துக்குள் முள்ளியவளைக்குப் போவதே வசதி. பொங்கலன்று காவடிக்கும் பாற்செம்புக்கும் நடுவே நெருங்கவே முடியாது.

வாகனங்களைத் தொலைவிலேயே மறித்துவிடுவார்கள், மீதி நடைதான். நண்பகலில் மணல் வெறுங்காலைச் சுட்டெடுக்கும். விடியுமுன் போய்ச் சேருங்கள். தண்ணீர்ப்போத்தல் கையில் இருக்கட்டும், பக்கத்தில் பரந்து கிடப்பது முழுக்க உப்புநீர்.