வரையாமல் விட்ட கோடு

"ஒன்னும் வராதுங்க ஆத்தா, உங்க மாடுதான் சந்தைக்கே போறதில்லையே."

நான் சொன்னது இதுதான். "எங்க ஊருக்கு எப்பக் கண்ணு ஊசி போடுவாங்க?" என்று அவர் கேட்டதற்குப் பதில். பன்னிரண்டு நாளில் அந்த மாட்டுக்குக் கோமாரி. வாயில் நுரை, குளம்பிடுக்கில் புண். பெரிய மாடு தப்பிவிட்டது. கன்று தப்பவில்லை. கன்றுகளுக்கு இந்தக் கிருமி இதயத் தசையையே தாக்கும்.

எந்த ஊருக்கு முதலில் தடுப்பூசி என்ற வரிசையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது எங்கள் குழு. ஒவ்வொரு கட்டுத்தரையும் ஒரு புள்ளி, மாடு கைமாறினால் ஒரு கோடு. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குக் கேரளா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். வலையில் அது பெரிய முடிச்சு. இப்படிப்பட்ட வலைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஆங்காங்கே ஊசி போட்டால் பரவல் எளிதில் நிற்காது, முடிச்சுகளை முதலில் பிடிக்க வேண்டும். வலைகளில் நோய் பரவுவதை ஆராய்ந்த இயற்பியலாளர்கள் பாஸ்டர்-சாட்டோராஸும் வெஸ்பிக்னானியும் 2001 முதல் எழுதியவற்றின் சாரம் இது. அதே 2001-இல் பிரிட்டனில், நோய் இருப்பது தெரியும் முன்பே சந்தைகள் வழியாக ஆடுகள் கோமாரியை நாடெங்கும் கொண்டுபோய்விட்டன. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். சந்தைக்கு மாடு அனுப்பும் ஊர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது தவறில்லை, இன்றும் அதைத்தான் செய்வேன்.

ஆனால் ஆத்தா வீட்டுக்கு விடிகாலையில் ஒரு கறவைக்காரர் வருவார். பைக்கில் நாலு ஊர் சுற்றி, பத்துப் பதினைந்து கட்டுத்தரையில் பால் பீய்ச்சுகிறவர். கையிலும் துணியிலும் கிருமி ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் வலையில் அவர் இல்லை. நான் பிறந்த வீட்டிலும் கறவைக்காரர்தான் கறந்தார், அவர் வருகிற சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். அப்படியிருந்தும் கேள்வித்தாள் தயாரித்தபோது எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை.

அவர் வழியாகத்தான் வந்ததா? நிச்சயமில்லை. தீவன வண்டியாக இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்து மாடாகவும் இருக்கலாம். அப்புறம் கறவைக்காரர்களையும் சேர்த்துக் கணக்கை ஓட்டினோம். சந்தை ஊர்கள்தான் மறுபடியும் முன்னால் வந்தன. ஆத்தாவின் ஊர் சில இடம் மேலே வந்தது, அவ்வளவுதான். அந்தச் சுற்றில் எப்படியும் அவருக்கு ஊசி கிடைத்திருக்காது. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

கணக்கு சொன்னது 'வாய்ப்புக் குறைவு' என்று. 'ஒன்னும் வராது' என்றது நான். "வரலாமுங்க, கன்னைத் தனியாக் கட்டுங்க, கறக்கறவரைக் கைகால் கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். பயந்துபோய் மாட்டை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டால் என்ற யோசனையும் அப்போது எனக்கு இருந்தது. இருந்ததா, பிறகு சேர்த்துக்கொண்டேனா?

அடுத்த சுற்றுப் பட்டியலில் அவர் ஊர் பதினொன்றாவது. கையாலேயே மேலே தூக்கி வைக்கலாமா என்று ரெண்டு தடவை திறந்து பார்த்து மூடிவிட்டேன். நாளை அனுப்ப வேண்டும்.