ஹொரமிஜ் என்பது ஊர் அல்ல

என் மாமியாருக்கு 81 வயது. கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டி பால் கறக்கும்போது முணுமுணுத்த ஒரு வரி அவருக்கு இன்றும் மனப்பாடம். ராகம் போட்டுச் சொல்வார். அதன் பொருள் மட்டும் தெரியாது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த முன்னோர்கள் பேசிய மொழி கேலிக். பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால் அடி விழுந்த காலம் ஒன்று அங்கே இருந்தது. அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லித்தரவில்லை. இந்தக் குடும்பத்தில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

ஒரு குளிர்கால இரவில் அவர் கேட்டார்: “ஸ்காட்லாந்துல நாங்க எந்த ஊரு? நான் போறதுக்குள்ள அது தெரிஞ்சா போதும்.” கணவருக்கு வேலை நெருக்கடி. சரி, நான் தேடுகிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டு வருடம் ஆனது.

நேராக ஸ்காட்லாந்துக்குத் தாவக் கூடாது என்பதை முதலிலேயே புரிந்துகொண்டேன். இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். பாட்டி பிறந்தது 1880 வாக்கில். நோவா ஸ்கோஷியாவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1864-இல் தொடங்கி 1877-இல் நின்றுபோய், மறுபடி 1908-இல்தான் ஆரம்பித்திருக்கிறது. பாட்டி பிறந்தது சரியாக அந்த இடைவெளியில். ஆனால் திருமணப் பதிவு இடையில் நிற்கவில்லை. பாட்டியின் கல்யாணப் பதிவில் பெற்றோர் பெயர்கள் இருந்தன. மாகாண ஆவணக் காப்பகம் இவற்றையெல்லாம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அங்கிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் வழியாகப் பாட்டியின் அப்பாவையும், அவருடைய அப்பா டொனால்டையும் பிடித்தேன். டொனால்ட் பிறந்த இடம் ‘ஸ்காட்லாந்து’ என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை. குடும்பப் பெயரோ மக்லவுட். கேப் பிரெட்டனின் செயின்ட் ஆன்ஸ் வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மக்லவுட் மேல்தான் விழ வேண்டும், அத்தனை பேர்.

கப்பல் பட்டியல் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். பிரிட்டனிலிருந்து வெளியே போனவர்களின் பட்டியல்கள் தொடர்ச்சியாகக் கிடைப்பது 1890-இலிருந்துதான். அதற்கு முன்பு போன சாமானியர்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்போதுதான் மாமியாரின் வரியை உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். ஃபோனில் பதிவு செய்து திரும்பத் திரும்பப் போட்டேன். ‘இக்... இக்...’ என்று ஒரு ஒலி நடுநடுவே வந்தது. கடைசிக்கு முந்தி ‘ஹொரமிஜ்’ என்று ஒரு சொல். இதுதான் ஊர் என்று முடிவு கட்டி, ஸ்காட்லாந்து வரைபடத்தில் ஒரு மாதம் ஹொரமிஜைத் தேடினேன். அப்படி ஓர் ஊரே இல்லை.

செயின்ட் ஆன்ஸில் கேலிக் கல்லூரி இருக்கிறது. அங்கே பாடம் நடத்தும் ஒருவரிடம் பதிவைப் போட்டுக் காட்டினோம். அவர் முதல் தடவையிலேயே சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். அது பாட்டு இல்லை, தலைமுறை வரிசை. ‘மாக்’ என்றால் மகன். ‘இக்’ என்றால் மகனுடைய. இன்னாரின் மகள், அவர் டொனால்டின் மகன், டொனால்ட் நார்மனின் மகன், நார்மன் ஹெக்டரின் மகன் என்று பாட்டி தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நார்மன் என்பது கேலிக்கில் டொர்மட். ‘டொர்மட்டின்’ என்று வேற்றுமை ஏறும்போது சொல்லின் வாலோடு தலையும் மாறி ஹொரமிஜ் ஆகிவிடுகிறது. ‘மரம்’ என்பது ‘மரத்தை’ ஆகும் மொழியில் பிறந்த எனக்கு இது விளங்க அதிக நேரம் ஆகவில்லை. நம் மொழியில் வாலில் நடப்பது அங்கே தலையிலும் நடக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர்களில் புதியவரைப் பார்த்தால் “கோ லேஷ் ஊ?” என்று கேட்பார்களாம். நீ யார் வீட்டுப் பிள்ளை? எங்கள் பாளையங்கோட்டையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகள் கேட்கும் அதே கேள்வி. ஒரே பெயரில் முப்பது பேர் இருக்கும் இடத்தில் குடும்பப் பெயரால் பயனில்லை. அப்பா பெயர், தாத்தா பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும். என் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலும் அதற்குத்தானே.

அடுத்து நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். இதில் எட்டு மாதம் போனது. செயின்ட் ஆன்ஸ் பகுதிக்கு மக்களைக் கூட்டிவந்தவர் நார்மன் மக்லவுட் என்ற மதபோதகர். ஸ்காட்லாந்தின் வடமேற்கே சதர்லாந்து மாவட்டத்தில், அசின்ட் பகுதியில் 1780-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் சதர்லாந்து எஸ்டேட் என்ற பெரிய ஜமீன் ஆடு வளர்ப்புக்காகப் பள்ளத்தாக்குகளைக் காலி செய்து, குடியானவர்களைக் கடலோரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. 1817-இல் அவர் கப்பலேறி நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவுக்கு வந்தார். 1820-இல் தன்னைப் பின்பற்றியவர்களோடு செயின்ட் ஆன்ஸில் குடியேறினார். அவருக்கு டொனால்ட் என்று ஒரு மகன் உண்டு. நார்மனின் மகன் டொனால்ட்! சந்தேகமே படாமல் அந்தக் குடும்பத்துக்குள் போய்விட்டேன். பெரிய மனிதர் ஒருவர் நம் கிளையில் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை கண்ணை மறைக்கும். என்னைப் போலத் தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஓர் இடத்தில் மிகவும் கவனமாக இருங்கள். போதகரின் மகன் டொனால்ட் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். போதகரின் அப்பா பெயர் டேவிட். பாட்டியின் வரியோ ஹெக்டரில் முடிகிறது. அந்த நான்காவது பெயரை நான் மதித்திருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, போதகரின் ஆட்களில் பலர் அசின்ட்காரர்கள் என்ற ஒரு துப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியது என்றால் தேவாலயங்களின் பழைய பாரிஷ் பதிவேடுகள். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் தேடுவது இலவசம். மூலப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கிரெடிட் வாங்க வேண்டும். ஒரு படத்துக்கு 6 கிரெடிட், நான் வாங்கியபோது ஒன்றரை பவுண்டு. மக்லவுட் என்று முழுப் பெயரைத் தட்டினால் பாதிதான் வரும். அந்தக் கால எழுத்தர்கள் ‘எம்’ போட்டு, மேலே ஒரு சின்னக் கோடு இழுத்து மீதியை எழுதியிருக்கிறார்கள். நடு எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடியபின்தான் வாசல் திறந்தது. பெண்கள் பெயர்களில் இன்னும் குழப்பம். ஓய்ரிக் என்ற ஒரே பெண் ஒரு தாளில் எஃபி, இன்னொன்றில் யூஃபீமியா, வேறொன்றில் ஹென்ரியட்டா. ஒன்று மட்டும் பெரிய உதவி. ஸ்காட்லாந்துப் பதிவுகளில் கல்யாணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருப்பார்கள்.

தேடியதில், டொனால்ட் என்ற மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நார்மன் மக்லவுட்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். மூவரில் யார் ஹெக்டரின் மகன்? பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்காது. ஆனால் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் ஸ்காட்டியர்களுக்கு ஒரு முறை உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான் என்று தமிழம்மா வகுப்பில் சொன்னது அன்று ஞாபகம் வந்தது. மூன்று குடும்பத்தின் பிள்ளைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரு வீட்டில் மட்டும் மூத்தவன் ஹெக்டர், இரண்டாவது டொனால்ட்.

மங்கிய பழுப்பு மையில் நான்கே வரி. மகன் பெயர், அப்பா பெயர், அம்மாவின் பெயர், அவர்கள் இருந்த கடலோரக் குடியிருப்பின் பெயர். அதைப் பெரிதாக அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, ஊர்ப் பெயரின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

ஆனாலும் பெயர் முறை சட்டம் இல்லை. எல்லாரும் கடைப்பிடித்ததும் இல்லை. வேறு சான்று வேண்டும். மாமியார் டி.என்.ஏ. பரிசோதனைக்கு எச்சில் கொடுத்திருந்தார். பொருந்தியவர்களில் நியூசிலாந்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர். காரணம் எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. 1840-களில் கேப் பிரெட்டனில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் டொனால்ட் எழுதிய கடிதத்தை நம்பி, எழுபது வயதைத் தாண்டிய போதகர் 1851-இல் மறுபடி கப்பலேறினார். அந்தப் பத்தாண்டுக்குள் ‘மார்கரெட்’ முதல் ‘எல்லன் லூயிஸ்’ வரை ஆறு கப்பல்கள் போயின. அடிலெய்டு, மெல்போர்ன் என்று அலைந்து, கடைசியில் நியூசிலாந்தின் வடக்கே வைப்பூவில் போய் அமர்ந்தார்கள். ஆறு கப்பல்களிலுமாக எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள். ஒரே வீட்டில் அண்ணன் போக, தம்பி தங்கிவிட்டது சர்வ சாதாரணம்.

பொருந்தியவர்களில் ஒரு பெண்மணிக்கு எழுதினேன். இங்கே ஓர் எச்சரிக்கை. சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை கொண்டு கொடுத்த சமூகம் இது. அதனால் டி.என்.ஏ. எண்ணிக்கை உறவை உண்மையைவிட நெருக்கமாகக் காட்டும். அதை மட்டும் நம்ப முடியாது. மூன்று வாரம் கழித்து அவர் அனுப்பியது ஒரு கல்லறைப் படம். பாசி படிந்த கல்லில் ஹெக்டர் என்ற பெயர், நார்மனின் மகன், சதர்லாந்து மாவட்டம் அசின்டில் பிறந்தவர் என்று செதுக்கியிருந்தது. எங்கள் டொனால்டின் அண்ணன்!

இரண்டு பெண்களையும் வீடியோவில் பேச வைத்தோம். எங்களுக்கு இரவு, அவருக்கு மறுநாள் பிற்பகல். மாமியார் எடுத்த எடுப்பில் அந்த வரியைச் சொன்னார், இந்த முறை ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கி. வைப்பூவில் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஸ்காட்டிய விளையாட்டுகள் நடக்கும், வந்துவிடுங்கள் என்றார் அந்த அம்மா. மாமியார் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார்.

ஃபோனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, “இப்ப உன் வரிசையைச் சொல்லு” என்றார். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா. அதற்குமேல் எனக்கு வரவில்லை. அப்போதே பாளையங்கோட்டைக்குக் கூப்பிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “இரும்மா, பெரியப்பாட்ட கேட்டுட்டுக் கூப்பிடுதேன்” என்றார்.