நாவலடிக் கடலில் மாமா விழுந்தபோது

ஹெர்மிஸ் கப்பல் கிடக்கும் இடத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. பார்ப்பது என்றால், படகில் இருந்தபடி அந்த நீர்ப்பரப்பைப் பார்ப்பது மட்டும்தான். மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தொலைவில், 53 மீற்றர் ஆழத்தில் அது கிடக்கிறது. அங்கே இறங்குவது நன்கு பயின்ற சுழியோடிகளின் வேலை.

அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையில் நின்றது. தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததும் துறைமுகத்தை விட்டுத் தெற்கே புறப்பட்டது. விமானந்தாங்கியாக இருந்தும் அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அதை இந்தக் கடலில் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அருகே வந்துகொண்டிருந்த வைட்டா என்ற மருத்துவக் கப்பல், நீரில் தத்தளித்த சுமார் 600 பேரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கொண்டுசேர்த்தது. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த 600 பேரிடமே போய் நின்றுவிடும். தம்மை யாராவது கண்டார்களா, இல்லையா என்பதே தெரியாமல் நடுக்கடலில் மிதப்பது எப்படி இருந்திருக்கும்?

மாமா ஆரையம்பதியில் இருக்கிறார். அவருடைய மகன், எனக்கு மச்சான், உல்லாசப் பயணிகள் கப்பல் ஒன்றில் தளமாலுமி. ஜூலையில் அவன் லீவில் வந்திருந்தபோது நானும் வவுனியாவிலிருந்து போயிருந்தேன். மூவருமாகப் போய்வருவோம் என்று மாமாதான் நாவலடியில் தமக்குத் தெரிந்த ஒரு மீனவரிடம் படகு பேசினார். வலைக்குப் போகாத நாட்களில் அவர் இப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதுண்டு. நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். உதவிக்கு அவருடைய மருமகன், பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அதிகம் பேசாதவன்.

விடிந்ததும் மணலிலிருந்து படகைத் தள்ளினோம். கண்ணாடியிழைப் படகு, பின்னால் ஒற்றை இயந்திரம். புறப்படும்போதே அண்ணன், “பத்து மணிக்கு முன் கரைக்கு வந்துவிட வேண்டும், கச்சான் எழும்பிவிடும்” என்றார். கிழக்கில் இருப்பவர்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் வரண்ட வெப்பக் காற்றாக இறங்கி வருகிறது. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோரம் குளம்போல அடங்கிக் கிடக்கும். சற்று வெளியே போனால் குட்டையான, நெருக்கமான அலைகள் எழும். அந்தக் காற்றில் கடலில் விழும் எதுவும் கரைக்கு வராது. வெளியேதான் போகும்.

ஹெர்மிஸுக்கு மேலே நின்ற நேரத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நீலம் கறுத்துக் கிடந்த நீரையும், கீழே பாரை மீன்கள் கூட்டமாக இருக்கும் என்று அண்ணன் சொன்னதையும், மாமா கைகூப்பி நின்றதையும் இங்கே குறித்துவிட்டுத் திரும்பிவந்த வழிக்கு வருகிறேன்.

நினைத்ததைவிடக் கச்சான் முந்திவிட்டது. காற்றுக்கு எதிராக மேற்கே வந்துகொண்டிருந்தோம். பாலமீன்மடு வெளிச்சவீடு வலப்பக்கத்தில் தெளிவாகத் தெரியத் தொடங்கியிருந்தது. முன்னால் இருந்த மாமாவின் முகத்தில் உப்புநீர் வாரியடித்தது. வெக்கை தாங்காமல் உயிர்காப்பு அங்கியின் கொக்கிகளை அவர் ஏற்கனவே கழற்றிவிட்டிருந்தார். பின்னால் வந்து இருக்கலாம் என்று எழுந்தார். அந்த நொடியில் படகு ஓர் அலையின் முதுகிலிருந்து பள்ளத்துக்குள் விழுந்தது. மாமா வலப்பக்கமாகச் சரிந்து கடலுக்குள் போய்விட்டார். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. இருந்த இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

“ஆள் விழுந்துவிட்டார், வலப்பக்கம்!” என்று கத்தியது அந்தப் பையன். கத்தியபடியே படகின் முன்முனையான அணியத்தில் ஏறிக் கால்களை அகட்டி நின்று, வலக்கையை நீட்டி மாமாவைச் சுட்டிக்காட்டினான். அதன்பிறகு அவன் வேறெந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

அண்ணன் மாமா விழுந்த பக்கமாகவே படகை ஒடித்துத் திருப்பினார். அணியம் வலப்பக்கம் திரும்பினால் பின்பக்கம் இடப்பக்கம் விலகும். இயந்திரத்தின் விசிறி விழுந்தவரின் காலில் படாது. இது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அப்போது நான் கண்டது மச்சானின் முகத்தை மட்டுமே. சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கப் போனான். “குதிக்காதே தம்பி! குதித்தால் இரண்டு பேரைத் தேட வேண்டிவரும். கலனை எறி!” என்று அண்ணன் அதட்டினார். தகப்பன் நீரில் கிடக்கும்போது ஒரு மகன் குதிக்காமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவனுடைய கைகள் நடுங்கியதில் பார்த்தேன். வெறுமையாகக் கிடந்த எண்ணெய்க் கலனை மூடியை இறுக்கி வீசினான். பிறகு தண்ணீர்ப் போத்தல் அடைத்திருந்த பெட்டியையும் வீசினான்.

நானும் மாமாவைத்தான் தேடினேன். விழுந்த இடத்தை என் கண் முதல் அலையிலேயே இழந்துவிட்டது. காலை வெயில் நீரில் பட்டுக் கிழக்குப் பக்கம் முழுவதும் கண்ணைக் கூசச் செய்தது. ஒரு தலை எவ்வளவு சிறியது! அரை மீற்றர் அலைகூட அதை முழுமையாக மறைத்துவிடுகிறது. பையனின் கை மட்டும், படகு திரும்பத் திரும்ப, அவன் இடுப்போடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. அண்ணனும் கடலைப் பார்க்கவில்லை. பையனின் கையைப் பார்த்தே படகைச் செலுத்தினார்.

பிறகு ஒன்று நடந்தது. மாமாவின் தலை எனக்கும் தெரிந்தது. கொக்கி பூட்டாத அங்கி மேலே ஏறி முகத்தை மூட, அவர் அதைக் கைகளால் அமுக்கிக்கொண்டிருந்தார். படகு அவரை நெருங்கியது. நெருங்கிய படகு நிற்காமல் அவரைக் கடந்து கிழக்கே போனது! நான் அலறிவிட்டேன். அண்ணன் காதில் வாங்கவில்லை. அவரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போய், காற்றுக்கு முகம் கொடுத்து மேற்கே திரும்பி, வேகத்தைக் குறைத்து மெல்ல ஏறிவந்தார். காற்றின் பக்கமிருந்து வந்து நிறுத்தினால் காற்று படகை அவர்மேல் தள்ளிவிடும். எதிர்க்காற்றில் வந்தால் இயந்திரத்தைத் தளர்த்தியதும் படகு தானாகவே நின்றுவிடும். மாமாவுக்கு இரண்டு முழம் இப்பால் படகு நின்றது. இயந்திரத்தை முற்றாக நிறுத்திவிட்டார்.

தூக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. எல்லோரும் ஒரே பக்கம் பாய்ந்தால் படகே கவிழும். என்னை மறுபக்கம் அடித்தளத்தில் இருக்கச் சொன்னார்கள். நனைந்த உடுப்போடு, கைகால் சோர்ந்த எழுபது வயது மனிதரை விளிம்புக்கு மேலே இழுப்பது இரண்டு இளைஞர்களாலும் முதலில் முடியவில்லை. அண்ணன் வலைக்கயிற்றில் வளையம் போட்டு மாமாவின் அக்குளுக்குக் கீழே மாட்டினார். அலை படகின் அந்த விளிம்பைத் தாழ்த்தும் நேரம் பார்த்து, “இப்போது!” என்றார். மாமா மீன்களோடு மீனாகப் படகுக்குள் வந்து விழுந்தார். இருமினார். உப்புநீரைக் கக்கினார். “தம்பி எங்கே?” என்று மகனைக் கேட்டார்.

வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கலாம் என்று நான் கையை நீட்டியதை மச்சான் தடுத்தான். மாமா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைத் தாழ்வாக வைத்து, ஈர உடுப்பைக் களைந்து சாரத்தால் போர்த்தினோம். கரையை எட்டுவதற்கு முன்பே 1990 இலக்கத்தை அழைத்துவிட்டோம். அம்புலன்ஸ் நாவலடி வீதிக்கே வந்தது. நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம் என்பதால், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவரையும் வைத்தியசாலையில் மறித்து வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள்.

அன்று பிற்பகல் விடுதிக்கு வெளியே இருந்த வாங்கில் மச்சான் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு தன் கப்பலில் இது எப்படி நடக்கும் என்று சொல்லத் தொடங்கினான். ஒருவர் விழுவதைக் காண்பவனுக்கு அங்கேயும் அதே வேலைதான்: எந்தப் பக்கம் என்று கத்த வேண்டும், மிதக்கும் எதையாவது எறிய வேண்டும், கையை நீட்டிச் சுட்டியபடி கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். கப்பலைச் செலுத்தும் அறையில் இருப்பவர்கள் உடனே அந்த இடத்தைச் செய்மதி வழிகாட்டியில் குறித்துவிடுவார்கள். அறையின் இரு பக்கமும் வெளியே தொங்கும் உயிர்காப்பு வளையங்களில் விழுந்த பக்கத்து வளையத்தை விடுவிப்பார்கள். அது நீரில் பட்டதும் செம்மஞ்சள் புகை 15 நிமிடங்களுக்குக் குறையாமல் எழும். விளக்கு குறைந்தது இரண்டு மணி நேரம் எரியும். மூன்று நீண்ட சங்கொலி கேட்கும். ஒலிபெருக்கியில் “ஆஸ்கார், ஆஸ்கார், ஆஸ்கார்” என்ற அறிவிப்பு வரும். பயணிகளில் பலர் அதன் பொருள் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஊழியர்கள் ஓடுவார்கள்.

கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனால் ஒரு நொடிக்குப் பத்து மீற்றர் கடக்கிறது. ஒரு நிமிடத்தில் விழுந்தவர் 600 மீற்றர் பின்னால் இருப்பார். அவ்வளவு பெரிய கப்பலை ஒடித்துத் திருப்ப இயலாது. அதற்கென்று வில்லியம்சன் திருப்பம் என்ற முறை இருக்கிறது. விழுந்த பக்கமாகச் சுக்கானை முழுமையாகத் திருப்பி, கப்பல் 60 பாகை விலகியதும் எதிர்ப்பக்கம் முழுமையாகத் திருப்பினால், கப்பல் தான் வந்த தடத்திலேயே எதிர்த்திசையில் வந்து சேரும். இருட்டிலும் மழையிலும் ஆளைக் காணாவிட்டாலும், அவர் விழுந்த கோட்டின் மேலாவது கப்பல் வந்துவிடும். பின்னர் மீட்புப் படகு இறங்கும். ஐந்து நிமிடங்களுக்குள் அதை இறக்கக்கூடியதாக எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் விதி. டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914இல் முதன்முதலாக உருவான உடன்படிக்கை அது.

“கப்பலில் ஒவ்வொரு மாதமும் பயிற்சி செய்கிறோம் மச்சான். உடுப்பு மாட்டிய பொம்மையைக் கடலில் போட்டுவிட்டுத் தேடுவோம். அது அப்பாவாக இருக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை” என்றான். குதிக்கக் கூடாது என்பதைப் புதிய ஆட்களுக்குப் படிப்பித்தவனே அவன்தான்.

எனக்கு அந்தப் பையனை நினைத்துத்தான் வியப்பு ஓயவில்லை. அவனுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? மாலையில் நாவலடிக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். வெட்கப்பட்டான். அண்ணன்தான் சொன்னார். இரவில் விட்ட வலையின் கொடியை விடியற்காலையில் தேடும்போது பத்து வயதிலிருந்தே அவனைத்தான் அணியத்தில் நிறுத்துவாராம். கொடியைக் கண்டால் கையை நீட்ட வேண்டும்; படகு கொடிக்கு வந்து சேரும்வரை கையை இறக்கக் கூடாது. ஒரு கணம் திரும்பிப் பார்த்தாலும் அலைக்குள் கொடி தொலைந்துவிடும், எண்ணெய் வீணாகும், சில நாள் வலையே போய்விடும். அந்தப் பழக்கம்தான் என் மாமாவைத் திருப்பித் தந்தது. உல்லாசக் கப்பலின் பெருஞ்செலவுப் பயிற்சியும் நாவலடிப் பையனின் வயிற்றுப்பாட்டுத் தொழிலும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நினைத்து நெஞ்சு நிறைந்தது. இந்தக் கரையின் மீனவர்களிடம் இருக்கும் அறிவுக்கு நாம் இன்னும் உரிய மதிப்புக் கொடுக்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. நகருக்குப் போய் நீரில் மிதக்கும் கயிறு வாங்கிவந்தான். அதை ஒரு வெறுங்கலனில் கட்டி, கலனுக்குச் செம்மஞ்சள் சாயம் பூசினான். நீரில் கிடப்பவர் கால் வைத்து ஏறுவதற்குப் படகின் விளிம்பில் மாட்டக்கூடிய கயிற்றுப்படி ஒன்றும் முடிந்தான். கயிறு வலையில் சிக்கும் என்று அண்ணன் முதலில் மறுத்தார். இருவரும் வெகுநேரம் வாதாடி, அணியத்துக்குக் கீழே அதற்கு ஓர் இடம் கண்டார்கள். அங்கியின் கொக்கிகளைக் கரையிலேயே பூட்டச் செய்து, ஒவ்வொருவருடையதையும் இழுத்துப் பார்த்த பின்புதான் படகைத் தள்ளுவது என்ற பொறுப்பைப் பையனிடம் கொடுத்தார் அண்ணன். மறுநாள் காலை வைத்தியசாலையிலிருந்து வந்த மாமா, வீட்டுக்குப் போகும் முன் நாவலடிக்கு விடச் சொன்னார். பையனுக்கு அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நாங்கள் வீதியில் நின்றோம்.