இரண்டாவது ட்ரிப்

பள்ளி பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மாலை வண்டியை நிறுத்தி, சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பினால் மேலாளர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். நான் போகும் பள்ளி அணுமின் நிலையத்தின் அவசரகாலத் திட்ட வட்டத்துக்குள் வருகிறதாம். ஆகவே நானும் 'அவசரகாலப் பணியாளர்' பட்டியலில் உண்டு, பயிற்சிக்கு வர வேண்டும். அப்படி ஏதாவது நடந்தால் தீயணைப்பு வண்டி வரும், ராணுவம் வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டியவன் நான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பயிற்சி ஒரு முழு நாள். ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற கதிர்வீச்சு வகைகளின் பாடத்தை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. எனக்குப் புதிதாக இருந்தது ஒன்றுதான்: பஸ் என்பது ஒரு கவசமே இல்லை. மெல்லிய தகடும் கண்ணாடியும் காமாக் கதிரைத் தடுக்காது. பஸ்ஸால் முடிந்ததெல்லாம் தூரமாகப் போவது, அதுவும் சீக்கிரமாகப் போவது. அதனால்தான் எங்கள் திட்டத்தில் பள்ளிகளை மற்றவர்களுக்கு முன்பே காலி செய்கிறார்கள். உலையில் கோளாறு முற்றுகிறது என்று தெரிந்ததுமே, கதிரியக்கம் வெளியே வருவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நாமே பார்த்து வழியை மாற்றக் கூடாது, ரேடியோவில் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்.

அப்புறம் கையில் டோசிமீட்டர் கொடுத்தார்கள். பார்த்தால் தடித்த பேனா மாதிரி இருக்கும், பையில் செருக ஒரு கிளிப். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு முனையில் கண்ணை வைத்தால் உள்ளே ஒரு அளவுகோலும் அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடும் தெரியும். அந்தக் கோடு நிற்கும் இடம்தான் நாம் வாங்கிய கதிர்வீச்சின் அளவு. வேலை தொடங்கும் முன் அதைச் சார்ஜர் மேல் வைத்து அழுத்தி, குமிழைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் திருகத் திருக கோடு பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடியது. ஐந்தாவது தடவைதான் நின்றது. கூடவே, வாங்கிய கதிர்வீச்சைப் பதிந்து வைக்கும் ஒரு வில்லையும் தருவார்கள். அதை நாம் படிக்க முடியாது, பிறகு ஆய்வகத்தில்தான் படிப்பார்கள்.

இயல்பான நாளில் அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரலாம் என்று வைத்திருக்கும் வரம்பு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எங்களைப் போன்றவர்களுக்கு அவசர காலத்தில் 50 என்றார்கள். ஆனால் டோசிமீட்டர் அளவைக் குறித்துவைக்கத் தந்த என் அட்டையில் 10 வந்ததுமே தகவல் சொல்லு என்று போட்டிருந்தது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. பொட்டாசியம் அயோடைடு பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது வரை 65. அது தைராய்டுக்குள் கதிரியக்க அயோடின் புகாமல் இடத்தை நிரப்பி வைக்கும், அவ்வளவுதான். மற்ற கதிர்வீச்சுக்கு அது ஒன்றும் செய்யாது. சொல்லும்போது போட்டால் போதும், முந்திக்கொண்டு போட வேண்டாம்.

மதியம் ஒரு மூத்த ஓட்டுநர் கையைத் தூக்கினார். "என் பேரப்பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்கு அன்னைக்கு யாரு வண்டி ஓட்டுவா?" வகுப்பு அமைதியாகிவிட்டது. எல்லோர் மனதிலும் இருந்த கேள்விதான் அது.

பயிற்சியாளர் மழுப்பவில்லை, முன்பு நடந்ததைச் சொன்னார். அமெரிக்காவில் லாங் ஐலண்டில் ஷோர்ஹாம் என்று ஒரு அணுமின் நிலையம். கட்டி முடித்தும் வணிக உற்பத்தியைத் தொடங்காமலே 1989-ல் மூட ஒப்புக்கொண்டார்கள். சண்டையின் மையமே மக்களை வெளியேற்றும் திட்டம்தான். அந்த விசாரணைகளில் பள்ளி பஸ் ஓட்டுநர்கள் முதலில் தங்கள் குடும்பத்தைத் தேடிப் போவார்களா, வேலைக்கு வருவார்களா என்பதும் ஒரு வாதமாக இருந்தது. 1986-ல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரைக் காலி செய்தபோது கீவிலிருந்து சுமார் 1,200 பஸ்கள் வந்தன. ஆனால் அது விபத்து நடந்த மறுநாள் மதியம். அந்த ஓட்டுநர்களின் பிள்ளைகள் கீவில் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளோ வட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

அதோடு இன்னொரு விஷயம். இருக்கும் பஸ்கள் எல்லாப் பள்ளிகளையும் ஒரே நடையில் காலி செய்யப் போதாது. முதல் ட்ரிப்புக்கு யாரும் வந்துவிடுவார்கள். பாதுகாப்பான இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, எல்லோரும் ஓடிவரும் திசைக்கு எதிரே காலி வண்டியைத் திருப்புவதுதான் கஷ்டம்.

அன்று இரவே என் மகளின் பள்ளித் திட்டத்தைக் கேட்டு எழுதினேன். அலுவலகத்தில் இருந்தவருக்கு அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியவில்லை. நான்கைந்து முறை நடந்த பிறகு கிடைத்தது. அவளைக் கொண்டுபோகும் முகாம் வடக்கே, நான் போகும் முகாம் தெற்கே. சரி, வட்டத்துக்கு வெளியே இருக்கும் என் அக்காவின் பெயரை, அவளை அழைத்துப்போக உரிமையுள்ளவராகச் சேர்த்தேன். அதற்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. மொத்தப் பயிற்சியிலும் எனக்கு அதிகம் உதவியது இந்த அலைச்சல்தான். இதை யாரும் பாடமாக நடத்தவில்லை.

ஒத்திகை நாளன்று காலை ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தபோது அழைப்பு வந்தது. மூன்று பேர் வரவில்லை. காலைக்கும் மாலைக்கும் நடுவில் அவர்களுக்கு வேறு வேலை. பகுதிநேர ஓட்டுநர்களை நம்பித் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

பள்ளி வாசலில் பட்டியலை வைத்து எண்ணிக்கை எடுத்தேன். போய்ச் சேரும் இடம் உறுதியாகாமல் வண்டியை எடுக்காதே என்பது முதல் விதி. 2011-ல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது ஒரு மருத்துவமனை நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்கில் சுற்றினார்கள், சிலர் வண்டியிலேயே இறந்துபோனார்கள். அதைக் கேட்ட பிறகு அந்த விதியை நான் மறக்கவில்லை.

மறந்தது இன்னொன்றை. கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் கதவைத் தட்டினார். "என் பையன் உள்ளே இருக்கான், கொடுத்துடுங்க தம்பி, நானே கூட்டிட்டுப் போயிடறேன்." பயிற்சிக் குழுவில் ஒருவர்தான், நடிக்கிறார், எனக்கும் தெரியும். ஆனாலும் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. அவரிடம் பேசக் குனிந்தபோது டோசிமீட்டர் பையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கோடு அளவுகோலிலேயே இல்லை. ஒரு நொடி நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. கீழே விழுந்தால் கோடு குதிக்கும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் சோதிக்கும்வரை அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு தகவல் சொல்ல வேண்டும். சொன்னேன். முகாமில் கருவியை வைத்து என் உள்ளங்கை, முகம், செருப்பின் அடி, பிறகு பஸ்ஸின் சக்கரம், காற்று வடிகட்டி என ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கதவைத் திறந்ததற்காக என்னை மறுபடி வரச் சொன்னார்கள். வாசலில் ஒரு பிள்ளையைக் கொடுத்தால் எண்ணிக்கை குழம்பும், பின்னால் பத்து பெற்றோர் நிற்பார்கள், வண்டி நகராது.

இரண்டு வாரம் கழித்து அதே பெண், அதே கதவு. இந்த முறை தட்டல் பலமாக இருந்தது, அழுகையும் சேர்ந்துகொண்டது. நான் திறக்கவில்லை. முகாமின் முகவரி எழுதிய தாளைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினேன். அவர் படித்துவிட்டு நகர்ந்தார். தெற்கு முகாமில் வண்டியை நிறுத்தி, கண்ணை வைத்துப் பார்த்தேன், கோடு பூஜ்யத்தில் நின்றது. அட்டையில் குறித்தேன். டேங்கைப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.