போர்டுக்கு மேலே கேமரா, பொத்தான் கணினியில்: மண்டபத்தில் செய்து பார்த்த அனுபவம்

ராமேஸ்வரத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊரில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழுதுபார்க்கும் மேசை ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் மேலே இப்போது ஒரு கேனான் 1100டி கேமரா குனிந்து பார்த்தபடி நிற்கிறது. படம் எடுக்க அதை நான் தொடுவதே இல்லை. படம் பிடிப்பது, வெளிச்ச அளவை மாற்றுவது, ஃபோகஸை நகர்த்துவது எல்லாம் பக்கத்தில் இருக்கும் பழைய லேப்டாப்பிலிருந்துதான். இந்த ஏற்பாடு ஓரளவு கைக்குப் பழகிவிட்டது. இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தொழில் இல்லை, விருப்பம். ஆனால் கடற்கரையில் இருந்துகொண்டு சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் படகுச் சாமான் தானாக வந்து சேரும். விஎச்எஃப் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பிக் கடலாழம் பார்க்கும் கருவி) என்று ஏதாவது ஒன்று மேசையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த நாட்களில்தான் கூட்டம். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி, உப்பு. சாமானைத் திறந்தால் உள்ளே சர்க்யூட் போர்டின் கனெக்டர் ஓரங்களில் களிம்பு பச்சையாகப் பூத்திருக்கும்.

கழுவுவதற்கு முன் எப்படி இருந்தது, கழுவிய பின் எப்படி, அரித்துப்போன இடத்துக்கு மாற்று வயர் இழுத்த பின் எப்படி என்று படம் வைத்துக்கொண்டால்தான் பழுதைச் சரியாகத் தொடர முடியும். செல்போனில் அது சரிவரவில்லை. ஒவ்வொரு முறையும் கோணம் மாறுகிறது, தூரம் மாறுகிறது, போன் தானாக நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்திவிடுகிறது. காலையில் பச்சையாகத் தெரிந்த களிம்பு சாயங்காலப் படத்தில் நீலமாக இருக்கும். கூடுதலா குறைச்சலா என்று எதை வைத்துச் சொல்வது? எனக்கு வேண்டியது அசையாத கேமரா, மாறாத வெளிச்சம், மாறாத அளவு. கணினியிலிருந்து இயக்கினால் மூன்றும் கிடைக்கும்.

ஸ்டாண்டுக்கு இரும்புப் பைப் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். இந்தக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காரைக்குடி சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் போட்டிருக்கிறார்கள். படகுக் கைப்பிடிக்கு வெட்டியதில் மிஞ்சிய 316 தரத் துருப்பிடிக்காத ஸ்டீல் பைப் ஒன்று லேத் பட்டறையில் கிடைத்தது. கேமராவின் அடித்துளைக்குக் கால் அங்குல போல்ட் வேண்டும், அங்குலத்துக்கு 20 மரை. எங்கும் கிடைக்கிற 6 எம்எம் போல்ட்டும் ஓரிரு சுற்று ஏறும், அப்புறம் இறுகிக்கொண்டு மரையைத் தின்றுவிடும். அதைத் திணிக்கவே கூடாது.

பைப்பைச் சுவரில் அடிக்காமல் மேசையிலேயே பூட்டினேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தகரக் கூரையும் சுவரும் அதிரும், ரோட்டில் லாரி போனால் தரையும் அதிரும். கேமராவும் போர்டும் ஒரே சட்டத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஆடும், படம் கலங்காது. ஒன்று சுவரிலும் ஒன்று மேசையிலும் இருந்தால் தனித்தனியாக ஆடும், படம் போச்சு.

கேமரா மேசைக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் போதாது. மேசையே லேசாகச் சாய்ந்திருக்கலாம். போர்டு வைக்கிற இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை மல்லாக்க வைத்துவிட்டு, கேமரா பார்ப்பதை அப்படியே காட்டும் நேரலையை லேப்டாப் திரையில் பாருங்கள். கண்ணாடியில் கேமராவின் சொந்த லென்ஸ் தெரியும். அந்த லென்ஸின் கருவட்டம் திரையின் நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்தால், சென்சார் மேசைக்கு இணையாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் மங்கலாகவும் வருகிற தொல்லை அதோடு தீர்ந்தது.

லென்ஸ், கேமராவோடு வந்த 18-55 எம்எம் ஜூம்தான். சென்சாரிலிருந்து 25 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். 55இல் வைத்து அந்தத் தூரத்தில் எடுத்தால் ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் அகலப் பரப்பு படத்தை நிறைக்கும். படத்தின் அகலம் 4272 புள்ளிகள், ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 65 புள்ளிக்கு மேல். ஐசி (சில்லு) மேல் இருக்கும் எழுத்தைப் படிக்கவும், கால்களுக்கு நடுவே ஈயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் இது தாராளம்.

கரண்டுக்கு டம்மி பேட்டரி போட்டேன். பேட்டரி வடிவில் இருக்கும் அதற்கு வெளியிலிருந்து 7.4 வோல்ட் போகிறது. நேரலை ஓடிக்கொண்டே இருந்தால் உண்மையான பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், மாற்றுவதற்காகக் கழற்றினால் நேராக வைத்ததெல்லாம் வீண். அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

இனி கணினி. லேப்டாப்பில் லினக்ஸ், அதில் ஜிபோட்டோ2 என்கிற இலவச நிரல். கேமராவும் கணினியும் யுஎஸ்பி வழியாகப் பேச பிடிபி என்று ஒரு பொது நெறிமுறை உண்டு, ஐஎஸ்ஓ 15740 என்ற எண்ணில் தரப்படுத்தியிருக்கிறார்கள். அதன் மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தக் கட்டளைகளைச் சேர்த்திருக்கும். ஜிபோட்டோ2வுக்கு அடியில் இருக்கும் லிப்ஜிபோட்டோ2 நூலகத்துக்கு ஏராளமான கேமராக்களின் பேச்சு தெரியும். கட்டளை வேண்டாம், ஜன்னலும் பொத்தானும் போதும் என்பவர்களுக்கு என்டாங்கிள், டார்க்டேபிள் இரண்டும் இருக்கின்றன. அவையும் இதே நூலகத்தின் மேல்தான் ஓடுகின்றன. விண்டோஸில் கேனானின் ஈஓஎஸ் யூட்டிலிட்டி உண்டு, டிஜிகேம்கன்ட்ரோல் என்ற இலவச நிரலும் உண்டு.

கேபிளைச் செருகிக் கேமராவைத் தேடச் சொன்னதும் பெயர் வந்துவிட்டது. ஆனால் படம் எடு என்றால், யுஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்று பதில். காரணம் எளிது. கேமராவைச் செருகியவுடன் லினக்ஸ் டெஸ்க்டாப் அதை ஒரு பென்டிரைவ் மாதிரி எண்ணி, படங்களைக் காட்டுவதற்காகத் தானே பிடித்துக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேமராவிடம் பேச முடியாது. ஜிவிஎஃப்எஸ் என்று தொடங்கும் பெயரோடு பின்னணியில் ஓடும் அந்த ஜிபோட்டோ2 கண்காணிப்பு நிரலை நிறுத்தினால் போதும். பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக நிரந்தரமாக முடக்கிவிட்டேன், மறுபடி தலைகாட்டவில்லை.

அமைப்புகளின் பட்டியலைக் கேட்டால் ஐஎஸ்ஓ (இங்கே சென்சாரின் ஒளி உணர்திறன்), லென்ஸ் துவாரம் (எஃப் எண்), ஷட்டர் வேகம், வெள்ளைச் சமநிலை, படத் தரம் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் என்னென்ன மதிப்பு செல்லும் என்றும் சொல்லிவிடும். கேமரா தலையில் இருக்கும் திருகு வட்டை மட்டும் கையால் ‘எம்’ (மேனுவல்) நிலையில் வைத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறேன்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் கால் விநாடி, வெள்ளைச் சமநிலை நிலையானது, தானாக அணைவது முடக்கம். மேசையில் உட்காரும்போது அதை ஓட்டினால் போன மாதம் எடுத்த படமும் இன்றைய படமும் ஒரே அளவில் வரும். படங்கள் மெமரி கார்டுக்குப் போகாமல் நேராகக் கணினிக்கு வருகின்றன. கோப்பின் பெயரில் வேலை எண்ணும் தேதியும் நேரமும் தானாகச் சேர்ந்துவிடும். பெயர் வைக்கிற வேலை இருந்தால் நான் படமே எடுக்க மாட்டேன், ஆகவே இது எனக்கு ரொம்ப முக்கியம்.

கால் விநாடி என்பது வேண்டுமென்றே வைத்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். மெதுவாக இருந்தால் மினுக்கல் சமனாகிவிடும். கை படாததால் மெதுவான ஷட்டருக்குப் பயமும் இல்லை.

கை ஒழிய வேண்டும் என்பதற்காகக் காலுக்கு ஒரு சுவிட்ச் செய்தேன். பழைய யுஎஸ்பி கீபோர்டின் உள் போர்டை மட்டும் எடுத்து, ஒரு சாவிக்கான இரண்டு முனைகளிலும் வயர் பற்றவைத்து, அதைக் காலால் அமுக்கும் சுவிட்சில் கொண்டுபோய் முடித்தேன். கணினிக்கு அது வெறும் சாவி அழுத்தம். ஒரு கையில் அயர்ன், மறு கையில் ட்வீசர் இருக்கும்போதே காலால் ஒரு படம்.

வெளிச்சத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், செலவழித்ததற்குப் பலனும் அங்கேதான். இரண்டு பக்கமும் 45 பாகையில் எல்இடி பேனல் வைத்தால் போர்டு முழுதும் சீராகத் தெரியும், பதிவுக்கு நல்லது. ஆனால் அரிப்பு அதில் ஒளிந்துகொள்ளும். லேசரில் பொறித்த ஐசி எண்ணும் ஒளிந்துகொள்ளும். ஒரு பேனலை அணைத்துவிட்டு மற்றதை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடித்தால், எழுத்து எழும்பி நிற்கும், போர்டின் மேலிருக்கும் பச்சைப் பூச்சு உப்பிய இடமெல்லாம் நிழல் போடும். மினுங்கும் வார்னிஷ் பூசிய போர்டுகளுக்குப் பேனல் மேல் போலரைசர் தாளும் லென்ஸில் போலரைசர் ஃபில்டரும் போட்டு, ஃபில்டரைக் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு முழுக்க அடங்கும். ஈயத்தின் பளபளப்பும் சேர்ந்தே அடங்கி, பற்று கறுத்துத் தெரியும் என்பதால் சால்டர் விரிசல் தேடும்போது ஃபில்டர் கூடாது.

ஒரு எக்கோ சவுண்டரைச் சொல்கிறேன். தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) தொழில் செய்யும் சம்மாட்டி, அதாவது படகுக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். “தம்பி, சுவிட்சப் போட்டா எரியுது, கொஞ்ச நேரத்துல செத்துருது. புதுசு வாங்கச் சொல்றாய்ங்க.” நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், பவர் கனெக்டரிலிருந்து போகும் டிராக் (செம்புத் தடம்) ஒன்றில், ஒரு துளையை ஒட்டி, பச்சைப் பூச்சு கடுகளவுக்குக் கொப்புளித்திருந்தது. கழுவிச் சுரண்டினேன். உள்ளே செம்பே இல்லை, களிம்புப் பொடிதான். ஓரத்தில் முடி மாதிரி ஒரு இழை மிஞ்சியிருந்தது. அது சூடேறியதும் விட்டுக்கொள்ளும், ஆறினால் தொட்டுக்கொள்ளும்.

திரையில் காட்டி, “அண்ணே, இந்த இடம்தான். வயர் இழுத்தாப் போதும், புதுசு வேண்டாம்” என்றேன். நேர் வெளிச்சம், பக்கவாட்டு வெளிச்சம், சுரண்டிய பின் என்று மூன்று படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். கேமரா அசையாததால் படம் மாறும்போது போர்டு இம்மியும் நகராது, பழுதான இடம் மட்டும் மாறும். விளக்கமே தேவைப்படவில்லை. “அந்தப் போட்டாவ எனக்கு அனுப்பி விடுப்பா” என்று வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிச் சேர்ந்த படங்களை ஒரே அளவில் அடுக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தின்றுபோன டிராக்குகள் பெரும்பாலும் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம். உப்பு ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் மின்பகுப்பு நடக்கும், பாசிட்டிவ் முனையிலிருந்துதான் செம்பு கரையும். பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் சொந்த மேசைப் படங்களில் வரிசையாகப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது எந்தப் போர்டு வந்தாலும் முதல் படம் அந்தப் பக்கம்தான்.

கழுவுவது பற்றியும் படங்கள் கற்றுத் தந்தன. வெறும் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றித் தேய்த்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் திரும்ப வருகிறது. உப்பு அதில் அநேகமாகக் கரையாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ் போட்டுக் கழுவி, அப்புறம் தண்ணீரை விரட்ட ஐபிஏ. இரண்டு முறையையும் படமெடுத்து ஒப்பிட்டேன், வித்தியாசத்தில் சந்தேகமே இல்லை.

உயரமான காயில் (கம்பிச்சுருள்), ரிலே இருக்கும் போர்டுகளில் ஒரே படத்தில் எல்லாம் தெளிவாக வராது. இந்தத் தூரத்தில் எஃப் 8இல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் தெளிவின் ஆழம். எஃப் 16க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துவாரத்தின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுதும் சற்றே மழுங்கும். அதனால் லென்ஸை ஏஎஃப் நிலையில் வைத்து, நேரலை ஓடும்போது ஃபோகஸைச் சிறு படிகளாகக் கிட்டேயிருந்து தூரத்துக்கு நகர்த்தி, படிக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லி ஸ்கிரிப்ட் எழுதினேன். அவற்றை, படங்களை ஒட்டும் ஹியூகின் என்ற இலவச நிரலோடு வரும் அலைன் இமேஜ் ஸ்டாக் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும், என்ஃப்யூஸ் என்ற இன்னொரு நிரல் ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை எடுத்துச் சேர்க்கும். ரிலேயின் தலையும் அடியில் இருக்கும் பற்றும் ஒரே படத்தில் கிடைக்கின்றன. தினசரி வேலைக்கு இது அதிகம், தேவைப்படும்போது மட்டும் போதும்.

வேலை முடிந்ததும் கேமராவை அதன் அடியில் பூட்டிய தகட்டோடு கழற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நீல மணிகள் வெளிர்சிவப்பானால் சூடுபடுத்தி மறுபடி நீலமாக்கிக்கொள்ளலாம். உப்புக் காற்று ஒரு பக்கம், லென்ஸில் பூஞ்சை இன்னொரு பக்கம். தகடு உட்காரும் இடத்தில் இரண்டு முளை அடித்திருப்பதால் மறுநாள் அதே இடத்தில் வந்து அமரும்.

அடுத்து, துவாரத்தை வளையத்தால் திருப்பும் பழைய 50 எம்எம் லென்ஸ் ஒன்றை ரிவர்ஸ் ரிங் என்ற வளையத்தில் முன்பின்னாகத் திருப்பி மாட்டிப் பார்க்கப் போகிறேன். கேமராவுக்கு லென்ஸ் இருப்பதே தெரியாது. ஃபோகஸும் துவாரமும் கைக்கு வந்துவிடும், ஷட்டரும் ஐஎஸ்ஓவும் கணினியிலேயே இருக்கும். ஃபோகஸை நகர்த்தக் கேமராவையே மேலும் கீழும் ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு ஒரு திருகு ஏற்றத்தை லேத் பட்டறையில் கடையக் கொடுத்திருக்கிறேன்.